மகள் கையில் கொடுத்த இரும்பு

ஐந்தாவதைத் தாண்டாத நான் அம்பத்தூரில் லேத் பட்டறை போட்டேன். வெள்ளத்தில் மோட்டாரெல்லாம் சேறாகிக் கிடந்தபோது மறுபடியும் போட்டேன். முத்தாபுதுப்பேட்டையில் மாடிவீடு கட்டினேன். மகளை எம்.காம். படிக்கவைத்து நசரத்பேட்டையில் கட்டிக்கொடுத்தேன். எவனும் ஒரு கை கொடுக்கவில்லை.

கல்யாணமானதும் அவளுக்கு வலிப்பு வர ஆரம்பித்தது. கையில் இரும்பு இருந்தால் அடங்கும் என்பார்கள். அடுத்தவன் சாவிக்கொத்து எனக்கெதற்கு? என் லேத்திலேயே ஒரு முழக் கம்பியைக் கடைந்து, பளபளவென்று மெருகேற்றிக் கொடுத்தேன்.

ஸ்கேனில் ஒன்றுமில்லை. தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்ததிலும் ஒன்றுமில்லை.

"மூளையில கோளாறு இல்ல. நடிப்பும் இல்ல. மனசு தாங்காதத உடம்பு காட்டுது. வீட்ல என்ன நடக்குதுன்னு பாருங்க" என்றார் டாக்டரம்மா.

எனக்கு அது புரிந்தது. லேத் அதிரும், பிரித்தால் பழுதிருக்காது, பக்கத்துப் பட்டறையில் தகடு அடிக்கும் பிரஸ் தரையை உலுக்கிக்கொண்டிருக்கும். மருமகன் காதில் 'கோளாறு இல்லை' மட்டும்தான் விழுந்தது.

ஒரு நாள் சொல்லாமல் மீன் வாங்கிக்கொண்டு போனேன். மகள் சிரித்துப் பேசியபடி வெங்காயம் நறுக்கினாள். வாசலில் மருமகன் பைக் சத்தம். கத்தி நழுவியது. தரையில் விழுந்தாள். கைகால் வெட்டி வெட்டி இழுத்தது.

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தான். கதவோரம் நின்ற என்னைப் பார்க்கவில்லை.

"நான் வந்தாப் போதும், டிராமா ஆரம்பிச்சுடுவா!"

அலமாரியிலிருந்து கம்பியை எடுத்து அவள் முட்டியில் இறக்கினான். என் கம்பி. அவளுக்காக நான் கடைந்தது.

பிடுங்கி அவன் மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது.

"மாமா! அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்ட்டாங்க மாமா!"

"உனக்குந்தான் இன்னும் ஒண்ணும் ஆவலடா. இரு, ஆக்கிக் காட்றேன்."

அவன் மண்டைக்குக் குறிவைத்து ஓங்கினேன். மகளின் இழுப்பு இரட்டிப்பானது. அவள் தலை தரையில் மோதி மோதி எழுந்தது. கம்பியைக் கீழே போட்டுவிட்டு அவள் தலைக்குக் கீழே என் கையை வைத்தேன். மெல்ல அடங்கினாள். அப்படியே தூக்கி ஆட்டோவில் ஏற்றினேன். அந்த வீட்டுக்கு அவளைத் திருப்பி அனுப்பவில்லை.

மாதக்கணக்கில் டாக்டரம்மாவிடம் போய்ப் பேசிப் பேசித் தேறினாள். இப்போது வேலைக்குப் போகிறாள். பைக் சத்தத்துக்கு விழுவதில்லை.

"எல்லாம் டாக்டரம்மா புண்ணியம் நைனா" என்கிறாள்.

இருக்கட்டும், அவர் பங்கை நான் பிடுங்கவில்லை. சொந்தக்காரர்களும் நான் ஓங்கியதை மட்டும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார்கள். அவன் மண்டை எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அப்போது கம்பியைக் கீழே போட்டவனும் நான்தான். அதை என் பேரைச் சொல்லிச் சொல்லுங்கள். முதலில் என் மகள் சொல்லட்டும்.