புல்லு என்று ஒரு பெயர்

பெருமாள்மலை ஜீப் ஸ்டாண்டில் கந்தவேல் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. புல்லு வீடு என்று கேட்டால் வாசல் வரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவார்கள். போன வாரம் பழனியிலிருந்து வந்த ஞானவேல் அப்படித்தான் வந்து சேர்ந்தார்.

ஞானவேல் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருப்பவர். அவருடைய மூத்த மகனுக்குக் கந்தவேலின் மகள் ரம்யாவைப் பேசியிருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை பூ வைப்பதாக ஏற்பாடு. வழி சொன்ன டீக்கடைக்காரரிடம், அது என்ன புல்லு என்று கேட்டிருக்கிறார். "புல்லுக்குக்கூட ஆகாத ஆளுன்னு அர்த்தம்ங்க. சும்மா வெளையாட்டுக்கு" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

கந்தவேல் வீட்டில் கொடுத்த காபியை ஞானவேல் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். இரண்டு நாள் கழித்து போன் வந்தது. "வெள்ளிக்கிழமை வர்றதப் பத்தி யோசிச்சுச் சொல்றேங்க." அன்று ரம்யா அடுப்படியில் நின்று சத்தமில்லாமல் அழுதாள். பெற்ற மகளின் கண்ணீரை ஒரு தகப்பன் எதைக் கொண்டு துடைப்பான்? அவனிடம் இருந்ததே ஒரு பெயர்தான். அதையும் இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்பே பிடுங்கிக்கொண்டு விட்டார்கள்.

பிடுங்கியவன் எதிரி இல்லை. நண்பன்.

அப்போது கந்தவேல் ஏரிப்பக்கம் ஒரு லாட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை மாதங்களில் ஆள் வராது. சாயங்காலமானால் நண்பர்கள் சேனாதிபதியும் மணியனும் வந்துவிடுவார்கள். வெள்ளைக்காரன் ஒருவன் அறையில் விட்டுப்போன சிடி ஒன்று கிடந்தது. லண்டன் திருடர்களின் கூத்து. வாய் வலிக்கச் சிரிக்க வைக்கும் படம். மூவரில் மணியன் ஒருவன்தான் மிஷன் பள்ளி ஆபீஸில் அட்டெண்டர். அதனால் அவனுக்கு இங்கிலீஷ் தெரியும் என்பது மற்ற இருவரின் நம்பிக்கை. டிவி பக்கத்தில் நின்று அவன் ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்வான். நாற்பது தடவையாவது பார்த்திருப்பார்கள்.

அதில் ஒரு குண்டு மனிதன் வருவான். ரவுடிகள் அவனைச் சலவைக்கடையில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கூட்டாளிகளின் பெயரைக் கேட்பார்கள். அவனோ டீ கிடைக்குமா என்று கேட்பான். அடித்துக் களைத்த ரவுடி போனில் ஏதோ சொல்வான். "இவன் ஒரு புல்லுக்குக்கூட ஆகமாட்டான் பாஸ்" என்பது மணியனின் தமிழ். அந்தக் குண்டனின் முகஜாடை கந்தவேலுக்கு இருந்தது. அன்றிலிருந்து அவன் புல்லு.

இப்போது அவனுக்கு நாற்பத்தேழு வயது. மேல்மலையிலிருந்து கேரட்டும் பூண்டும் ஏற்றி வருகிற ஜீப் ஓட்டுகிறான். பூண்டு மூட்டையில் ஒரு பல் குறைந்தது என்று இதுவரை அதை விளைய வைத்த எந்தச் சம்சாரியும் சொன்னதில்லை. ஆனாலும் ஜீப் சங்கத்துக்குப் பொறுப்பாளர் தேடும்போது, "புல்லையா போடப் போறீங்க?" என்று யாராவது சிரிப்பார்கள். அதோடு முடிந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை சேனாதிபதி கூப்பிட்டான். அட்டுவம்பட்டியில் இப்போது அவனுக்கு இரண்டு காட்டேஜ். "ஏலே, அந்தப் படம் கெடச்சிருச்சுடா. கீழ தமிழ்ல எழுத்தும் ஓடுது. வெரசா வா." கந்தவேல் படத்துக்காகப் போகவில்லை. ஒன்று கேட்கப் போனான்.

"வாடா புல்லு" என்றான் சோபாவில் இருந்த மணியன்.

"அதுக்குத்தான் வந்தேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரும்போது அந்தப் பேரச் சொல்லாதீக. ஸ்டாண்டுலயும் சொல்லி வைங்க."

"எந்தப் பேரு?"

"தெரியாத மாதிரி கேக்காத மணியா. அந்தப் பேரால சம்பந்தமே நிக்கிது."

"இருபத்து மூணு வருசப் பேருடா. ஆதார் கார்டுலயே ஏறியிருக்கும், எடுத்துப் பாரு."

சேனாதிபதியும் சிரித்தான். கந்தவேல் சிரிக்கவில்லை. படம் ஓடத் தொடங்கியது. பழைய இடங்களிலெல்லாம் மற்ற இருவரும் பழையபடியே சிரித்தார்கள். சலவைக்கடை வந்தது. குண்டன் தொங்கினான், டீ கேட்டான். ரவுடி போனை எடுத்தான். "ஹீ ஈஸ் நோ கிராஸ்."

கீழே எழுத்து ஓடியது: இவன் காட்டிக்கொடுக்கிறவன் இல்லை.

"நிறுத்து" என்றான் கந்தவேல். "திரும்பப் போடு."

சேனாதிபதி திரும்பப் போட்டான். அதே எழுத்து. தன் போனிலும் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "லண்டன்ல போலீசுக்குத் துப்புச் சொல்றவன கிராஸுன்னுதான் சொல்வாங்களாம்டா."

"கிராஸுன்னா புல்லுதானப்பா" என்றான் மணியன். "எங்க ஸ்கூல் தோட்டத்துல போர்டே இருந்துச்சு, புல்லு மேல நடக்காதேன்னு. அந்த ஊரு ரவுடி பாஷை எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியலன்னா தெரியலன்னு சொல்லியிருக்கலாம்ல."

"ஒரு படம்டா. விடு."

கந்தவேல் எழுந்தான். அவன் குரல் உயரவில்லை. "அந்த லாட்ஜு சிடி பிளேயர் மேல டீயக் கொட்டுனது யாரு மணியா?"

மணியன் டிவி பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"டீயா? யாரு கொட்டுனா?" என்றான் சேனாதிபதி.

"நான் சொல்ல மாட்டேன். அவனச் சொல்லச் சொல்லு. பிளேயர் கெட்டதும், யார உள்ள விட்டே, பேரச் சொன்னா உன்ன விட்டுர்றேன்னு முதலாளி கேட்டாரு. நான் வாயத் தொறக்கல. அன்னைக்கே பொட்டியத் தூக்கிட்டு வெளிய வந்தேன். நேரா ஸ்டாண்டுக்கு வந்தா, இவன் டீ குடிச்சிக்கிட்டு நின்னான். என்ன சொல்லிக் கூப்பிட்டான் தெரியுமா? வாடா புல்லுன்னான்."

மணியன் தரையைப் பார்த்தபடி, "நான்தான் கொட்டுனேன்" என்றான்.

வாசகர்களே, இந்த ஒரு வாக்கியம் வெளியே வர இருபத்து மூன்று வருடம் ஆகியிருக்கிறது. ஒரு வீட்டில் திருடினால் சிறை உண்டு. ஒருவன் பெயரைத் திருடினால் எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது? எனக்கு இதை எழுதும்போதும் ரத்தம் கொதிக்கிறது.

கந்தவேல் ஞானவேலின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மணியன் கையில் திணித்தான். "எல்லாத்தையும் சொல்லு. ஒண்ணு விடாம."

மணியன் சொன்னான். தெரியாத இங்கிலீஷை, போர்டை, டீயை, வேலை போனதை, எல்லாவற்றையும் திக்கித் திக்கிச் சொன்னான். கேட்டு முடித்த ஞானவேல் பெரிதாகச் சிரித்தார்.

"அட, அப்ப புல்லுன்னா நம்பிக்கையான ஆளுன்னுல்ல அர்த்தம். நல்ல பேருதாங்க. வெள்ளிக்கிழமை வந்துர்றோம். புல்லு சம்பந்தி பக்கத்துல இருக்காரா?"

சேனாதிபதி முகம் மலர்ந்தது. காரியம் முடிந்தது என்று அவன் நினைத்தான். கந்தவேல் போனை வாங்கினான்.

"அய்யா, என் பேரு கந்தவேல். அந்தப் பேருக்கு நல்ல அர்த்தமும் வேண்டாம், கெட்ட அர்த்தமும் வேண்டாம். என்னய என் பேரச் சொல்லிக் கூப்பிடுறதுன்னா வாங்க. இல்லன்னா வேண்டாம்ங்க."

சேனாதிபதி தலையில் கை வைத்தான். மறுமுனையில், பஞ்சாமிர்தக் கடையில் யாரோ அரைக் கிலோ டப்பா கேட்கும் சத்தம் வந்தது.

"சரிங்க கந்தவேல்" என்றார் ஞானவேல். "வெள்ளிக்கிழமை காலையில வெள்ளனே வந்துர்றோம்."

கந்தவேல் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினான். மணியன் வாசல் வரை பின்னாலேயே வந்தான்.

"கந்தவேலு, நானும் வெள்ளிக்கிழமை வரட்டுமா?"

கந்தவேல் திரும்பிப் பார்க்கவில்லை. "ஸ்டாண்டுல முப்பது ஜீப்பு நிக்கிது. மொதல்ல ஒவ்வொருத்தன்ட்டயும் போயி இப்பச் சொன்னதச் சொல்லு. அப்பறம் வந்து கேளு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.