ரொனால்ட் சாரின் ஞாயிற்றுக்கிழமை வண்டி

ரொனால்ட் சாரை நான் ஆறு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். மனதுக்குள் இல்லை, சத்தமாகவே. சாந்தோமில் ஒரே கட்டடத்தில் அவர் தரைத்தளம், நான் நேர் மேல்மாடி. என் படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேதான் அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நிற்கிறது. நிற்கிறது என்றால் நிற்கத்தான் செய்கிறது. அது ஓடி யாரும் அதிகம் பார்த்ததில்லை.

முப்பத்துநான்கு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து, சைக்கிளிலேயே போய்வந்து, ஓய்வு பெற்ற மறுமாதம் யாரோ விற்ற பழைய வண்டியை வாங்கி வந்தார் மனுஷர். இரண்டே இரண்டு ஸீட். வீட்டில் மனைவி நோரா, மகள் ஷெரில், இவர் என்று மூன்று பேர். "யாரை விட்டுட்டுப் போறதா உத்தேசம்?" என்று நோரா அன்றைக்குக் கேட்டார். சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வண்டி வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் வெளியே வரும். மாதா கோயில் அடுத்த தெருவில். நடந்தால் நாலு நிமிஷம். இவர் உறையைக் கழற்றி, துடைத்து, ரிவர்ஸ் எடுத்து, போய்ச் சேர இருபது நிமிஷம்.

இப்படி ஓட்டினால் பேட்டரியில் என்ன சார்ஜ் ஏறும்? அடிக்கடி படுத்துவிடும். படுத்தாலும் சும்மா படுக்காது. திருட்டு அலாரத்துக்கென்று உள்ளே தனியாக ஒரு குட்டி பேட்டரி இருக்கிறது. பெரியது ஓய்ந்ததும், எவனோ வண்டியைத் திருடுகிறான் என்று நினைத்துக்கொண்டு சின்னது ஒப்பாரி வைக்கும். "அறிவு இருக்கா சார்? ஓட்டாத வண்டி எதுக்கு?" என்று நான் பால்கனியிலிருந்து கத்துவேன். அவர் லுங்கியும் சாவியுமாகக் கீழே நின்று, "மன்னிச்சுக்கோங்க முத்துகிருஷ்ணன், பேட்டரி கொஞ்சம் வீக்" என்பார். ஆறு வருஷமாக இதே வசனம்.

மெக்கானிக் பக்கிரி ஒவ்வொரு தடவையும் ஒரே மருந்துதான் சொல்வான். "பீச் ரோட்ல அரமணி நேரம் ஒரு ரவுண்டு உடு சார், தானா ஏறிக்கும்."

"மாடு நிக்குது, பஸ் வருது. கீறல் விழுந்தா?"

"அப்ப மியூசியத்துல கொண்டுபோய் வுடு."

இந்த அழகில் ஷெரிலுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கோயில் வாசல்வரை மகளைத் தானே வண்டியில் கூட்டிக்கொண்டு போய் இறக்கி, கைகோத்து உள்ளே அழைத்துப்போக வேண்டும். சாருக்கு அது ஒன்றுதான் ஆசை. வண்டி வாங்கியதே அதற்குத்தான் என்று அப்போதுதான் என்னிடம் சொன்னார். கேட்டு எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. கொஞ்சம்தான்.

கல்யாணத்தன்று சாயங்காலம் நாலரைக்குப் பூசை. நாலு மணிக்கே வெள்ளை கவுனைச் சுருட்டிச் செருகி ஷெரிலை உள்ளே ஏற்றியாயிற்று. சார் கோட்டை நீவிவிட்டுக்கொண்டு சாவியைத் திருகினார். டிக். இன்னொரு தடவை திருகினார். டிக். உடனே ஒப்பாரி ஆரம்பித்துவிட்டது.

கல்யாணத்துக்கு வந்திருந்த பக்கிரி, பட்டுச் சட்டையோடு தலையை உள்ளே விட்டான். போன வாரம்தான் அவன் புது பேட்டரி மாட்டியிருந்தான். டாஷ்போர்டில் ஒரு சின்ன மாதா சுரூபம். அதன் காலடியில் ஒரு பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

"இன்னா சார் இது? சாவி போடாமயே எரிஞ்சிகினு கீது! நேரா பேட்டரிலேர்ந்து ஒயர் இஸ்த்துகீது. எவன் செஞ்சான் இத்த?"

"நான்தான்" என்றார் சார், மெதுவாக. ஃபாதர் வந்து ஜெபம் சொல்லி வண்டியை மந்திரித்த அன்றே மாட்டினாராம். ஷெரில் கல்யாணம் முடியும்வரை விளக்கு அணையக் கூடாது என்று நேர்ந்துகொண்டாராம். "சின்ன பல்புப்பா. ஒண்ணுமே இழுக்காது."

"ஆறு வருசமா உறிஞ்சிகினு கீது நைனா! பேட்டரி படுத்தப்பல்லாம் இதுவும் அணஞ்சிருக்குமே?"

"புதுசு போட்டதும் எரிஞ்சுதே."

மின்சாரப் பாடம் எடுத்தே தலை நரைத்த மனுஷர்! எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒயரைப் பிடுங்கப் போனேன். என் கையைத் தட்டிவிட்டார். "இன்னும் ஒரு மணி நேரம் முத்துகிருஷ்ணன். தாலி ஏறட்டும், நானே கழட்டிடறேன்."

வேறு வழியில்லாமல் தள்ளினோம். எதிரே வந்த ஆட்டோக்காரர் சைரனைக் கேட்டு ஆம்புலன்ஸ் என்று பயந்து ஒதுங்கினார். பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நோரா பின்னால் ஓடிவந்தார். கோயில் வாசலை நெருங்கும்போது எஞ்சின் இருமியது, பிறகு உறுமியது. சைரன் அடங்கியது. நாங்கள் கைதட்டினோம்.

"ஆஃப் பண்ணிடாத சார்!" பக்கிரி கத்தினான். "ஆஃப் பண்ணா அவ்ளோதான். யாராச்சும் உள்ள குந்திகினு ஆக்ஸிலேட்டர மிதிச்சிகினே இருக்கணும்."

ஓட்டுகிற ஸீட்டில் சாரைத் தவிர இதுவரை ஒருவரும் உட்கார்ந்ததில்லை, பக்கிரிகூட. சார் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருவரும் தேறவில்லை. கோயிலுக்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. ஷெரில் தானே கதவைத் திறந்து இறங்கி, படியருகே போய் நின்றாள்.

"அப்பா, வர்றீங்களா, இல்ல நான் தனியா போகவா?"

சார் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் சாவியைத் திருகினார். எஞ்சின் நின்றது. இறங்கி வந்து சாவியை என் கையில் திணித்து, "பார்த்துக்கோங்க" என்றார்.

அப்பாவும் மகளும் கைகோத்து, கோயிலுக்குள் பாதி தூரம் நடப்பதற்குள் மறுபடி சைரன். கோயிலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சார் மட்டும் திரும்பவே இல்லை.

பூசை முழுக்க நான் வெளியேதான் நின்றேன். சாவியிலிருந்த பொத்தானை அமுக்கினால் அலாரம் நிற்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி கத்தும். மாதாவின் காலடியில் பல்பு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பிடுங்கியிருக்கலாம். தாலி ஏறட்டும் என்று விட்டுவிட்டேன்.

எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தினார். "யோவ், அறிவிருக்கா உனக்கு?"

"மன்னிச்சுக்கோங்க சார்" என்றேன். "பேட்டரி கொஞ்சம் வீக்."