முன்பின் தெரியாதவர்கள்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு வாரம் ஒருமுறை நைட்டி மூட்டையோடு பஸ் ஏறுகிறவள் நான். மலையில் ஊர் ஊராக நடந்து விற்பேன். வியாபாரத்தைவிட எனக்குப் பிடித்தது அந்தப் பயணம்தான். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் கச்சிராயபாளையம் வருவதற்குள் பேச்சை ஆரம்பித்துவிடுவேன். ஊர், பேர் கேட்கமாட்டேன். "வடை மடிச்ச பேப்பர்ல படிச்சேன், ஆக்டோபஸ்ஸுக்கு மூணு இதயமாம்" என்று ஒன்றை எடுத்துவிடுவேன். அவர்கள் பதிலுக்கு ஒன்று சொல்வார்கள். தன் மேல் கல்லெறிந்தவன் முகத்தைக் காக்கா வருஷக்கணக்கில் மறக்காது என்று ஒரு ஷேர் ஆட்டோக்காரர் சொன்னார். சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி, மண்டையில் கொத்துப்பட்ட தழும்பையும் காட்டினார். செத்துப்போனார் என்று மேளம் வரவழைத்த பிறகு தன் மாமனார் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டதை ஒரு கண்டக்டர் சொன்னார். எது நிஜம், எது புளுகு என்று நான் விசாரிப்பதில்லை. இறங்கிவிட்டால் அவர் யாரோ, நான் யாரோ.

சில வருஷங்களுக்கு முன் ஐப்பசி மழையில், மலை ஏறும் வழியில், ஒரு பெரிய மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து பஸ் நின்றுவிட்டது. மத்தியான நேரம். போனில் சிக்னல் எடுக்காத வளைவு அது. எங்களுக்குப் பின்னால் வந்த ஜீப் ஒன்று திரும்பிக் கீழே போய், மரம் அறுக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னது. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங் மேல் கவிழ்ந்துகொண்டார்.

என் பக்கத்தில் ஜன்னலோரம் ஒரு இளம்பெண், மடியில் துணிப்பையை இறுக்கிப் பிடித்தபடி. முன் சீட்டில் முந்தானையால் பாதி முகத்தை மூடியிருந்த ஒரு அம்மா, அறுபது வயது இருக்கும். எதிர்ப்பக்கம் ஒரு தேன்காரர். கீழே தேனை விற்றுவிட்டுக் காலி கேன்களோடு திரும்பிக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணே, தேனீ உங்களக் கொட்டாதா?" என்று அவரிடம் ஆரம்பித்தேன்.

"கொட்டாம? ஒண்ணு கொட்டிச்சின்னா அந்த எடத்துல வாழப்பழ வாசம் மாதிரி வரும். அந்த வாசத்துக்கு மத்ததெல்லாம் அங்கியே வந்து கொட்டும். எங்க சித்தப்பா பாறையில கயித்துல தொங்கிக்கினு இருந்தாரு. கண்ணு, காது, வாய்க்குள்ள, எல்லா எடத்துலயும் கொட்டிச்சு. கயித்த வுட்டுட்டாரு. கீழ போயிப் பாத்தா மூஞ்சி எதுன்னே தெரியல."

முன் சீட்டு அம்மா திரும்பி முந்தானையை விலக்கினார். ஒரு கண் இருக்கவேண்டிய இடத்தைத் தோல் மூடியிருந்தது. கன்னம் காதுவரை இழுத்துத் தைக்கப்பட்டிருந்தது.

"கரடி," என்றார். "சாமைக்காட்டுக்குப் போறப்ப. குட்டியோட இருந்துச்சு. ஒரே இழுப்பு. கண்ணு கன்னத்துல தொங்குது, அந்தக் கண்ணுல எனக்குத் தரை தெரியுது."

"ஐயோ! அப்புறம்?"

"கையில களைக்கொட்டு இருந்துச்சு. மூக்கு மேல போட்டேன். ஓடிப்போச்சு. அப்பல்லாம் வலிக்கல. ஆஸ்பத்திரியில தைக்கறப்பதான் கத்தினேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பின் சீட்டுக்காரர்கள் எழுந்து வந்து கம்பியைப் பிடித்து நின்றார்கள். யாரோ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார்கள். கிணற்றுக்குள் விழுந்த மாடு, மின்னல் இறங்கிக் கருகிய புளியமரம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாம் ரத்தக்கதை, சாவுக்கதை. ஆனாலும் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதுவரை எந்தப் பயணத்திலும் கிடைத்ததில்லை.

அப்போதுதான் ஜன்னலோரப் பெண் வாயைத் திறந்தாள்.

"எனக்கும் ஒண்ணு தெரியும்க்கா. ஒடஞ்ச எலும்பு ஒட்டிக்கிச்சின்னா, அந்த எடம் முன்ன இருந்தத விட கெட்டியாயிடுமாம். டாக்டர் சொன்னாரு. அப்படிப் பாத்தா என் கை ஒலக்க மாதிரி இருக்கணும்."

"இன்னா, வுழுந்துட்டியா?" என்று தேன்காரர் கேட்டார்.

"வுழலண்ணே. எங்க வூட்டுக்காரரு. கதவு நெலையில என் கைய வச்சி, கதவ சாத்துவாரு."

நாங்கள் எங்கள் கதைகளைச் சொன்ன அதே குரலில், சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிக்கவேண்டிய இடம் என்று நினைத்துவிட்டாள். ஒருவரும் சிரிக்கவில்லை. கரடி அம்மா சீட்டுக்கு மேலாகக் கையை நீட்டி, அவளுடைய முன்கையை மெதுவாகத் தடவிப் பார்த்தார். எலும்பு முடிச்சு முடிச்சாக இருந்தது.

"அம்மா வூட்டுக்குப் போய்க்கினு இருக்கேன். இனிமே கீழ எறங்க மாட்டேன்," என்றாள்.

அதற்குமேல் அவள் பேச நேரமில்லை. கீழிருந்து ஒரு பைக் சத்தம் வந்தது. அவள் முகம் வெளுத்தது. மழைக்கோட்டு போட்ட ஒருவன் பைக்கை அப்படியே சாய்த்துவிட்டுப் பஸ்ஸுக்குள் ஏறினான். யாரையும் கேட்கவில்லை. என்னைத் தாண்டி எட்டி அவள் கூந்தலைக் கையில் சுற்றிப் பிடித்து இழுத்தான். என் மூட்டை மேலேயே விழுந்து, படிக்கட்டில் இடுப்பு இடித்து, ரோட்டில் போய் விழுந்தாள். அவள் வயிற்றில் மிதித்தான். ஹெல்மெட்டைக் கழற்றி, அதைக்கொண்டே அவள் தலையில் அடித்தான். தேங்காய் உடைப்பது போலச் சத்தம் கேட்டது.

"குடும்ப விசயம்மா, நாம போவக்கூடாது," என்றார் கண்டக்டர்.

அரைமணி நேரம் முன்பாக இருந்தால் நானும் உட்கார்ந்தே இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். பஸ்ஸில் எத்தனையோ பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டவள்தான். ஆனால் இவள் எங்களுக்குக் கதை சொன்னவள். கரடி அம்மாதான் முதலில் இறங்கினார். பின்னாலேயே நான். ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தேன். ஹெல்மெட் என் வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று நாக்கில் உருண்டது. துப்பிவிட்டு அவன் கையைக் கடித்தேன். சதை விடும்வரை விடவில்லை. அவன் ரத்தம் வெதுவெதுப்பாக என் தாடையில் வழிந்தது. கரடி அம்மா ஒரு கல்லை எடுத்து அவன் முட்டியில் போட்டார். அவன் கவிழ்ந்ததும் பஸ்ஸில் இருந்த ஜனமே இறங்கிவிட்டது. தேன்காரர் கேனால் அடித்தார். முறுக்கு நீட்டிய பெண் செருப்பால் முகத்திலேயே அடித்தாள். அவன் கத்தினான், கெஞ்சினான், பிறகு சத்தம் குறைந்தது. எனக்குப் பயமே இல்லை. உண்மையைச் சொன்னால் நன்றாக இருந்தது.

யாரோ தலைக்கு நேராகப் பாறாங்கல்லைத் தூக்கினார்கள். கரடி அம்மா குறுக்கே கையை நீட்டினார்.

"வாணாம். செத்தான்னா இந்தப் பொண்ணுதான் ஸ்டேசனு, கோர்ட்டுன்னு அலையணும்."

கல் பள்ளத்தில் உருண்டது. அந்தப் பெண்ணைத் தூக்கி என் நைட்டி ஒன்றைக் கிழித்துத் தலையில் கட்டினோம். அவள் அழவில்லை. பையைத் தேடிக்கொண்டே இருந்தாள். மரம் அறுக்கும் ஆட்களோடு போலீஸும் வந்தது. அவளையும் அவனையும் ஒரே ஜீப்பில் ஏற்றப் பார்த்தார்கள். நாங்கள் விடவில்லை. பஸ் திரும்பி அவளையும் என்னையும் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது.

கேஸ் நடந்தது. சாட்சிக்கு நானும் கரடி அம்மாவும் போனோம். தேன்காரர் பயந்து வரவில்லை. ஒருநாள் கோர்ட் வராந்தாவில் எனக்குப் பக்கத்தில் ஒரு வயதான அம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். வழக்கம்போலப் பேச்சு ஆரம்பித்தது. கூழ் தர நேரமாகிவிட்டது என்று தன் புருஷன் கொதிக்கிற பானையோடு தன் முதுகில் கவிழ்த்ததைச் சொன்னார். ரவிக்கையைத் தளர்த்திக் காட்டினார். முதுகு முழுக்கத் தோல் சுருங்கிக் கிடந்தது.

"என் புள்ளைக்கு அப்ப நாலு வயசு. வாசல்ல நின்னு பாத்துக்கினு இருந்தான்," என்றார். பிறகு என் ஓட்டைப் பல்லைப் பார்த்து, "கடிச்சவ நீதான?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"நாய்க்கடிய விட மனுசக்கடி மோசமாமே. எம் புள்ள கை சீழ் வச்சிப் போச்சு. ஆற ரொம்ப நாளாச்சு." கோபமாகச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் கடலையை என் கையில் போட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு சாப்புடுதா? தூங்குதா?" என்றார்.

வெள்ளிமலையில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை கிடைத்திருக்கிறது, சம்பளத்தைத் தானே வைத்துக்கொள்கிறாள், ஒரு காது மட்டும் சரியாகக் கேட்பதில்லை என்று சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

அவனுக்கு ஜெயில் என்று தீர்ப்பு வந்த அன்று, அந்த வேர்க்கடலை அம்மா மார்பில் அடித்துக்கொண்டு எங்கள் மேல் மண்ணை வாரித் தூற்றினார். கரடி அம்மா என் கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.