கண்ணாடியில் நின்ற தண்ணீர்

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருஷம் இருக்கும். பதுளை ரயில் ஸ்டேஷனில் நான் பயர்மேன். எஞ்சின் அடுப்புக்குக் கரி போடுவது, பாய்லருக்குத் தண்ணீர் விடுவது என் வேலை.

அப்போது ஒரு பழைய எஞ்சினைத் திரும்ப ஓட வைத்தார்கள். என் அப்பா பிறக்கும் முன்னால் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்ததாம். வருஷக்கணக்காகத் துருப்பிடித்துக் கிடந்தது. குழாய்களை மாற்றி, அடுப்புக்குப் புதுச் செம்புத் தகடு போட்டு, வேறு எஞ்சினின் சக்கரங்களைப் பூட்டினார்கள். தண்ணீர் மட்டம் பார்க்கிற கண்ணாடி மட்டும் பழைய மாதிரி ஒன்றே ஒன்று. மட்டம் இறங்கினால் அடுப்புத் தகடு பழுக்கக் காய்ந்து பாய்லர் வெடிக்கும். காலிக் கண்ணாடியும் நிறைந்த கண்ணாடியும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். நடுவில் தெரிகிற கோடுதான் கணக்கு.

முதல் ஓட்டத்தன்று பூசை. தேங்காய் உடைத்தோம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். என் மனைவி மாரியம்மன் கோயில் விபூதியைக் குழைத்துக்கொண்டு எஞ்சினில் ஏறிவிட்டாள். கண்ட இடமெல்லாம் பூசினாள். டிரைவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"உன்ர மனுசி எஞ்சினுக்குக் கலியாணம் கட்டி வைக்கிறாளோ?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமாங்க ஐயா. சீதனம் மட்டும் கேட்டுறாதீங்க" என்றாள் அவள்.

புறப்பட்டோம். பின்னால் மூன்று பெட்டி ஜனம், பண்டாரவளைச் சந்தைக்கு. நல்ல ஏற்றம். கண்ணாடியைப் பார்த்தேன். பாதி. திரும்பப் பார்த்தேன். பாதி. தண்ணீர் போதும் என்று கரியையே போட்டேன்.

ஏற்றத்தில் தண்ணீர் பின்னால் ஓடிவந்து கண்ணாடியில் உயரும். சமதரையில் இறங்கும். தெமோதரை ஸ்டேஷனில் சமதரை வந்தது. கோடு இறங்கவில்லை.

"ஏன் இறங்கேல்லை?" என்றார் டிரைவர். பாய்லரில் இருந்த சோதனைக் குழாயைத் திறந்தார். தண்ணீர் இல்லை. வெறும் ஆவி.

என் கை தானாகத் தண்ணீர் விடும் வால்வுக்குப் போனது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார்.

"தொடாதை. காய்ஞ்ச தகட்டில பச்சைத் தண்ணி பட்டா ஒருத்தரும் மிஞ்சமாட்டம்."

நெருப்பு முழுவதையும் தண்டவாளத்தில் தள்ளினோம். ஜனங்களை இறக்கித் தூரமாக அனுப்பினோம்.

எஞ்சின் ஆறின பிறகு கண்ணாடியைத் துடைத்தேன். கோடு துணியோடு வந்துவிட்டது. விபூதி. மூன்று பட்டையில் இரண்டு உதிர்ந்து, ஒன்று காய்ந்து நின்றிருக்கிறது. உள்ளே ஒன்றுமில்லை. அப்படியே கரிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும், "கண்ணாடிக்கு ஏன் பூசினே?" என்று கேட்டேன்.

"அதுலதான் எங்க உசுரு இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் அதுக்கு மட்டும் மூணு பட்டையா போட்டேன்" என்றாள்.

சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

அதன்பிறகு எந்த எஞ்சினில் ஏறினாலும் முதலில் கண்ணாடியைத் துடைப்பேன். இன்றைக்கும் கோடு ஆடுவதைக் கண்டு எனக்குப் பயமில்லை, அசையாமல் நல்லபடியாக நிற்பதைக் கண்டால்தான் பயம்.