சத்தம் கேட்ட நொடி

பொளக்கென்று ஒரு சத்தம். ஈரத் துணியைக் கல்லில் ஓங்கி அடித்தது போல, நிறைகுடம் கை நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது போல, இரண்டும் இல்லாதது போல. போன வாரம் அச்சகத்தில் ஒரு காதுகுத்துப் பத்திரிகைக்குப் பிழை பார்த்துக்கொண்டிருந்தபோது, என் மனைவியின் அண்ணன், என் மச்சான், கைப்பேசிக்கு அனுப்பியிருந்த வீடியோவிலிருந்து அது வந்தது. மானகிரிப் பக்கத்துக் கண்மாயில், அல்லி இலைகளுக்கு நடுவே, ஒரு விரால் வாயைப் பிளந்து ரப்பர் தவளையைக் கவ்வுகிற சத்தம். மூன்று முறை போட்டுக் கேட்டேன். அந்தச் சத்தத்துக்கும் மச்சான் தூண்டில் கம்பை ஓங்கி இழுப்பதற்கும் நடுவில் சின்னதாக ஓர் இடைவெளி இருக்கிறது. ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ணலாம். என்னைப் பொறுத்தவரை அந்த இடைவெளிக்குள் ஒரு மனிதர் குடியிருக்கிறார். நகைப் பட்டறை வைத்திருந்தவர். பத்தர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம்.

விரால் பிடிப்பதில் பெரிய சூத்திரம் ஒன்றும் கிடையாது. ரப்பரில் செய்த தவளை, அதன் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி வளைந்த இரண்டு முட்கள். இலைக் கூட்டத்துக்கு அப்பால் அதை வீசி, தத்தித் தத்தி இழுத்து வந்து, இலைகளுக்கு நடுவே தண்ணீர் தெரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். விரால் அடிக்கும். அடித்த நொடியில் எல்லாருக்கும் கை துடிக்கும். துடிக்கிற கையைக் கட்டிப்போட வேண்டும். மீன் தவளையை உள்ளே வாங்கித் திரும்பி, தூண்டில் நரம்பு இறுகுகிற வரைக்கும் பொறுத்திருந்து அதற்குப் பிறகு கம்பைச் சுண்டி இழுக்க வேண்டும். முந்திச் சுண்டினால் முள் எங்கேயும் தைக்காது. முறுக்கேறிய கம்பும் கொஞ்சமும் இழுபடாத நரம்பும் சேர்ந்து தவளையைக் கவண்கல் மாதிரி நம் முகத்துக்கே திருப்பி அனுப்பும். கண்மாய்க்கரையில் நாங்கள் எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தது வெயிலுக்காக மட்டும் இல்லை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கண்மாய்க்குப் போகிற நாலு பேர் நாங்கள். புதிதாக ஒருவர் வந்தால் நல்ல யோசனைகள் பலவற்றுக்கு நடுவே ஒரே ஒரு பொய்யைச் செருகிக் கொடுப்போம். அவராகக் கண்டுபிடிக்கும் வரை யாரும் சொல்லிவிடக் கூடாது. கண்டுபிடித்த அன்றைக்கு அவர் எங்களைத் தாயாரை இழுத்துத் திட்டுவார், எல்லாருக்கும் புரோட்டா வாங்கிக் கொடுப்பார், அதோடு எங்களில் ஒருவராகிவிடுவார். நான் சேர்ந்த புதிதில் தவளைக்கு மண்ணெண்ணெய் தடவினால் மீன் மோப்பம் பிடித்து வரும் என்றார் மச்சான். மூன்று ஞாயிறு தடவினேன். ஒரு கெளுத்திகூட எட்டிப் பார்க்கவில்லை. நாலாவது வாரம் என் பாட்டிலை முகர்ந்து பார்த்துவிட்டு, "மாப்ள, விளக்கேத்தவா வந்தீக?" என்று கேட்டு நாலு ஊருக்குக் கேட்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குள் அப்படியே கிடந்தது. யார் மேலாவது அதை இறக்கி வைக்கக் காத்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

பத்தர் வந்து சேர்ந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். உடம்பு ஒடிசல், விரல்கள் மட்டும் நீளம். நான் அவர் பட்டறையில் மனைவியின் தோட்டைச் சரிசெய்யக் கொடுத்தபோது தூண்டில் பேச்சு வந்தது. "எனக்கும் சொல்லித் தாங்கண்ணே" என்றார். பிரசவத்துக்கு வந்த மகளுக்கு வயிற்றைக் கிழித்துக் குழந்தை எடுத்திருந்தார்கள். விரால் குழம்பு வைத்துக் கொடுத்தால் தையல் சீக்கிரம் ஆறும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். சந்தையில் பண்ணை விரால் கிடைக்கிறதே என்றேன். தலையை ஆட்டிச் சிரித்தார். "எம் பொண்ணுக்கு எங் கையால புடிச்சுக் குடுத்தேன்னு இருக்கட்டும்ணே." அந்த ஒரு மீனுக்காக மட்டும்தான் அவர் வந்தார். அது எனக்கு முதல் நாளே தெரியும்.

பொய் சொல்வது இந்த முறை என் பங்கு. நான் மண்ணெண்ணெய் மாதிரி மட்டமான பொய்யைத் தேடவில்லை. உண்மைக்குப் பக்கத்து வீட்டுப் பொய்யாகப் பார்த்து எடுத்தேன். கரையில் அவர் தோளில் கை போட்டுச் சொன்னேன்: "பத்தரே, மத்தது எப்புடி இருந்தாலும் பரவாயில்ல. சத்தம் கேட்ட நொடி சுண்டிரணும். ஒரு மூச்சு பிந்துனாலும் மீனு துப்பிட்டுப் போயிரும்." மச்சான் தண்ணீரைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் பொய் பாதிதான் பலித்திருக்கும். சாதாரண மனிதன் திடுக்கிடுவான், தடுமாறுவான், ஒரு நொடி தாமதிப்பான். அந்தத் தாமதத்திலேயே எப்படியாவது ஒரு மீன் மாட்டிவிடும், பொய் உடைந்துவிடும். பத்தர் கை அப்படிப்பட்ட கை இல்லை. ஊதுகுழல் நெருப்பில் நகையின் பற்றவைப்புப் பொடி உருகிப் பளிச்சிடும் அந்த ஒரு கணத்தில் நெருப்பை விலக்கிப் பழகிய கை அது. சத்தம் கேட்பதும் அவர் சுண்டுவதும் ஒன்றாகவே நடந்தன. நாலு ஞாயிறு, பத்துப் பதினைந்து தடவை விரால் அடித்தும் ஒரு மீன்கூட இல்லை. ஒவ்வொரு முறையும் தவளை தண்ணீரிலிருந்து பிடுங்கிக்கொண்டு காற்றில் பறக்கும். நாங்கள் வாயைப் பொத்திக்கொள்வோம். "பத்தரே, தவளைய ஊருக்கு அனுப்பி வைக்கிறீகளா?" என்பார் மச்சான். பத்தரும் சேர்ந்து சிரிப்பார். பிறகு என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தி, "இன்னும் பிந்துறேனோண்ணே?" என்று கேட்பார். "கொஞ்சூண்டு" என்பேன். திரும்பி வரும்போது என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து மகளைப் பற்றிப் பேசுவார். தையலில் சீழ் வைத்திருக்கிறது என்று ஒரு வாரம் சொன்னார். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் சொல்லலாம் என்றிருந்தேன். உண்மையைச் சொன்னால் மச்சான் என்னைப் பார்த்துச் சிரிப்பாரே என்றுதான் பயந்தேன். அவ்வளவு சின்ன பயம்.

ஐந்தாவது ஞாயிறு அவர் புதுக் கறுப்புக் கண்ணாடி ஒன்று போட்டு வந்தார். எங்களைப் பார்த்து அவராகவே வாங்கியது. "ஆத்தாடி, டிஎஸ்பி வாராரு, ஒதுங்குங்கப்பா" என்றார் மச்சான். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். பத்தர் வெட்கப்பட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. தவளை கரைக்கு மிகப் பக்கத்தில், மூன்று ஆள் நீளத் தூரத்தில் நின்றது. பொளக். அவர் சுண்டினார்.

அவர் கத்தவில்லை. கம்பைப் பத்திரமாகத் தரையில் வைத்தார். ஒரு கையால் முகத்தைப் பொத்தியபடி, "அண்ணே, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு" என்றார். விரல்களுக்கு நடுவே பச்சைத் தவளையின் மஞ்சள் வயிறு தெரிந்தது. மச்சான் நரம்பை வெட்டினார். வண்டியில் எனக்கும் மச்சானுக்கும் நடுவில் அவரை உட்காரவைத்து, துண்டால் முகத்தை மூடிக் கொண்டுபோனோம். வழியில் ஒரு டீக்கடையில் நின்றவர்கள் அந்தத் துண்டு துருத்திக்கொண்டிருந்ததையே பார்த்தார்கள். காரைக்குடியில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சான் என் கையைப் பிடித்து அழுத்தினார். "யாரும் வாயத் தொறக்கக் கூடாது மாப்ள. சொல்லிப்புட்டா மட்டும் கண்ணு வந்துருமா?" அதில் இருந்த நியாயத்தை நான் எவ்வளவு வேகமாகப் பற்றிக்கொண்டேன் என்பதை எழுதாமல் விட்டால் இதை எழுதுவதே வீண்.

மறுநாள் சாயங்காலம் சாமான்களை எடுத்துவர மச்சானும் நானும் கண்மாய்க்குப் போனோம். பத்தரின் கம்பு கிடந்த இடத்திலேயே கிடந்தது. மச்சான் அதில் வேறொரு தவளையைக் கட்டி அதே இடத்தில் வீசினார். ஏனென்று அவருக்கே தெரிந்திருக்காது. முதல் வீச்சிலேயே அடித்தது. அவர் பொறுத்தார். நானும் எனக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு. சுண்டினார். விரால் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. அதை ஈரச் சாக்கில் சுற்றிப் பத்தர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம். "பத்தர் ஆசப்பட்டது" என்றார் மச்சான். பத்தரின் மகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் வாங்கிக்கொண்டாள், அழுதபடி, எங்களைக் கும்பிட முடியவில்லையே என்று. குழம்பு வைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். தையல் ஆறிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கண் போய்விட்டது. ஒற்றைக் கண்ணுக்கு எது முன்னால், எது பின்னால் என்ற கணக்குத் தப்பும் என்பதை நான் அதற்கு முன் யோசித்ததில்லை. ஒருநாள் பட்டறைக்குப் போனேன். அவர் ஒரு மோதிரத்தில் கல்லை வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். சிமிட்டா இடுக்கியின் முனையில் இருந்த கல், குழிக்கு ஒரு நெல்லளவு தள்ளி, வெறும் காற்றில் இறங்கியது. மறுபடி இறங்கியது. மூன்றாவது முறை அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன், நான் சொன்னது பொய் என்ற வார்த்தைகள் வாய் வரைக்கும் வந்திருந்தன, காப்பி வந்தது, காப்பியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். அவருக்கு வேலை கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். யாரும் கடிந்து பேசவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். அவருடைய மருமகன் திருப்பூரில் நூல் மூட்டைகள் அடுக்கும் ஒரு கிட்டங்கியில் கேட் பார்க்கிற வேலைக்குச் சொல்லிவைத்தார்.

பேருந்து நிலையத்துக்கு நான் மட்டும் போனேன். மச்சான் தன் டயர் கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பத்தர் சன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். மேலே சாமான் தட்டில் அவருடைய தூண்டில் கம்பை வேட்டியில் சுற்றி வைத்திருந்தார். நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "அங்குட்டும் குளம் இருக்காம்ணே. லீவு நாள்ல போகலாம்ல" என்றார். டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். சொல்வதற்கு இனி இதற்கு மேல் ஓர் இடம் கிடைக்காது என்று எனக்குத் தெரிந்தது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். நான் என்ன சொல்ல வருகிறேன் என்று தெரிந்துவிட்டது போல அவர் என் கைமேல் கையை வைத்தார்.

"நீங்க மனசுல ஒன்னும் வச்சுக்காதீகண்ணே. நீங்க சரியாத்தான் சொன்னீக. அன்னைக்கு நாந்தேன் பிந்திட்டேன். இன்னும் சுருக்காச் சுண்டணும், அவ்வளவுதானே?"

வண்டி நகர்ந்தது. கூடவே நாலு எட்டு நடந்தேன்.

"ஆமா பத்தரே" என்றேன். "கண்ணாடி மட்டும் போட்டுக்கங்க."