கரகரப்புக்குக் கருப்பட்டி கொடுத்தேன்

என் மகள் கிரேசின் குரல் முதலில் கரகரத்தது ஒரு வெள்ளிக்கிழமை. அறுப்பின் பண்டிகைக்கு (விளைச்சலுக்கு நன்றி சொல்லும் ஆராதனை) இரண்டு நாள் இருந்தது. அன்று கோயிலில் சிறுபிள்ளைகள் வேதாகமத்திலிருந்து ஆளுக்கொரு சங்கீதம் ஒப்பிப்பார்கள். ஐந்து வயதுக்காரியைப் பதினைந்து நாளாக விடாமல் ஒப்பிக்க வைத்திருந்தேன். அதனால்தான் தொண்டை கட்டிவிட்டது என்று எண்ணி, இஞ்சி தட்டிப்போட்டுக் கருப்பட்டி கொடுத்தேன்.

ஞாயிறு காலை அவள் கஞ்சியைத் தொடவில்லை. உடம்பு லேசாகச் சுட்டது.

"இன்னிக்கு வேணாம். அடுத்த வாரமும் கோயில் அங்கதான்லா இருக்கும்" என்றார் கணவர்.

"பண்டிகை இருக்குமாங்க?" என்றேன்.

அதற்குள் கிரேஸ் புதுக் கவுனை மாட்டிக்கொண்டு, காணிக்கைக்கான வாழைச்சீப்பைக் கட்டிப்பிடித்தபடி வாசலில் நின்றாள்.

"ரிக்‌ஷா வந்துருச்சாம்மா?"

பிள்ளைக்கு ஆசை என்று சொல்லிக்கொண்டேன். வாரம் முழுவதும் கோயில் மணிச்சத்தத்துக்கு ஏங்கியிருந்தவள் நான்தான்.

கோயிலில் அவள் முறை வந்ததும் இரண்டு வரி சொன்னாள். மூன்றாவதில் குரல் நின்றுவிட்டது. நான் இருந்த இடத்திலிருந்தே உதட்டை அசைத்து அடுத்த வரியைக் காட்டினேன். என்னைப் பார்த்தபடி, காற்றாகவே முழுவதையும் சொல்லி முடித்தாள்.

மறுநாள் அவள் மூச்சில் சீழ்க்கை கேட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"குரல் எப்பலேருந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

"வெள்ளிக்கிழமையிலேருந்து."

"இன்னிக்குத் திங்கள், அம்மா."

அவர் திட்டவில்லை. கிழமையை மட்டும் சொன்னார்.

டிப்தீரியா (தொண்டையில் சாம்பல் நிறச் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும் நோய்). சீரம் (நோயின் நஞ்சை முறிக்கும் ஊசி மருந்து) போட்டார்கள். பிழைப்பாளா என்று கேட்டேன். இரண்டு நாள் போகட்டும் என்றார். தனி வார்டில் அவளைப் படுக்க வைத்தார்கள். நான் சன்னலுக்கு வெளியே நின்றேன். கோயிலில் அவளோடு ஒரே பெஞ்சில் எட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் எட்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னார். யாருக்கும் நோய் வரவில்லை. அதற்கு நான் காரணமல்ல.

மூச்சு சீரானது. ஆனால் மூன்றாம் வாரம் குடித்த பால் மூக்கு வழியே வந்தது. அண்ண வாதம் (மேல்வாய்த் தசை செயலிழத்தல்) என்றார்கள். நஞ்சு இதயத்தையும் தாக்கியிருந்ததால், அது தேறும்வரை எழுந்து உட்காரவும் கூடாதாம். அந்தச் சங்கீதத்தையே சொல்லி ஜெபிக்க முயன்றேன். அவள் நின்ற மூன்றாம் வரி வந்ததும் எனக்கும் நின்றுவிடும்.

இதைப் படிக்கும் தாய்மாரே, பிள்ளையின் குரல் மாறினால் காரணம் தேடாதீர்கள். வெளிச்சத்தில் தொண்டையைப் பாருங்கள்.

கிரேஸ் தேறிவிட்டாள். குரலும் திரும்பிவிட்டது. என் வாரம் மட்டும் இப்போது வெள்ளிக்கிழமையில் தொடங்குகிறது. ஞாயிறன்று கோயிலின் முதல் மணி அடித்ததும் அவளே கரண்டியோடு சன்னலுக்கு வந்து வாயைத் திறக்கிறாள். நாக்கை அழுத்திப் பார்க்கிறேன். சிவப்பாக, ஈரமாக, சுத்தமாக இருக்கிறது.

"போலாமாம்மா?"

"இன்னும் கொஞ்சம் தொற."

இரண்டாம் மணி அடிக்கிறது. அவள் கால்கள் வாசலை நோக்கித் துள்ளுகின்றன. வாயை மட்டும் எனக்காகத் திறந்தே வைத்திருக்கிறாள்.