விரத வீட்டில் மீன்

கந்தசஷ்டி தொடங்கினால் எங்கள் வீட்டில் மீன் அவியும் வாசனை வரும். பிழையாக எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். மற்ற வீடுகளில் "மச்சச் சட்டி"யைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற அந்த ஆறு நாளும்தான், நான் காலையிலேயே கொழும்பு வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய்ச் சூடை மீன் வாங்கி வந்து, பல்கனியில் தனியாக வைத்திருக்கிற ஒற்றை அடுப்பில், உப்புக்கூடப் போடாமல் வெறும் தண்ணீரில் அவிய விடுகிறேன். உள்ளே பட்டினி கிடந்து சாமி கும்பிடுகிற அம்மா, சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அந்தக் கதவை ஒருக்காச் சாத்து பிள்ளை" என்று மட்டும் சொல்வார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது நாங்கள் இதே வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடிவீட்டின் மேல்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம் ஆகியிருக்கவில்லை. வடக்கிலிருந்து வந்த தமிழர் எங்கே மறித்தாலும் காட்ட வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் மடித்தபடி இருக்கும். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் இருந்தார்கள், முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டு அம்மாவை நான் "ஆன்டி" என்பேன், அம்மா "அக்கா" என்பார். அவர் எங்களிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, ஆனாலும் அம்மாவுக்கு அவரிடம் ஒரு பயம் இருந்தது. முதல் பார்த்த மூன்று வீடுகளில் எங்கள் பெயரைக் கேட்டதுமே கதவைச் சாத்தியிருந்தார்கள், இந்த வீட்டிலிருந்தும் எழும்பச் சொன்னால் எங்கே போவது என்ற நினைப்பில், நான் நிலத்தில் சற்று அழுத்தி நடந்தாலே, "கீழ கேக்கப்போகுது" என்று அம்மா அதட்டுவார்.

அந்த வீட்டின் படிக்கட்டில் ஒருநாள் தானாக வந்து உட்கார்ந்ததுதான் சீனி. வெள்ளைப் பூனை, வாலில் மட்டும் மண்ணிறம், ஒரு காது கடிபட்டுக் கிழிந்திருந்தது. கொழும்பில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி அவள்தான், இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எவர்சில்வர் கோப்பையைக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டி, "சீ...னி" என்று இழுத்துக் கூப்பிட்டால், எந்தக் கூரையில் நின்றாலும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். அம்மா கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கமாட்டாள், அப்பா கூப்பிட்டால் கொட்டாவி விடுவாள். என் குரலுக்கு மட்டும்தான் வருவாள் என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை! பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் அளந்து திரிந்தேன்.

ஐப்பசி மழையோடு சஷ்டி வந்தது. வீடு முழுக்கக் கழுவி, மீன்சட்டியைப் பின்பக்கம் தூக்கி வைத்து, அம்மா விரதம் பிடிக்கத் தொடங்கினார். அந்த ஆறு நாளும் சீனிக்குப் பாலும் சோறும்தான். கொஞ்ச நாளாக நன்றாகக் கொழுத்திருந்தவள் இரண்டாம் நாள் பார்த்தால் வயிறு ஒட்டிக் கிடந்தாள். "பார், எங்கட சீனியும் கந்தசட்டி பிடிக்குது" என்றார் அப்பா. அம்மாவும் சிரித்தார். நானும் வீடு அதிரச் சிரித்தேன். ஒரு பூனை திடீரென்று கொழுத்ததும் திடீரென்று மெலிந்ததும் ஏன் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மண்டையிலேயே குட்டத் தோன்றும்.

ஐந்தாம் நாள், சனிக்கிழமை காலை, ஆன்டி படியேறி வந்தார். பாதிப் படியிலேயே நின்றுகொண்டார். மீன் கழுவிய கையோடு விரத வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவருக்கு ஒரு மரியாதை. மேலே நின்ற அம்மாவைப் பார்த்து, "விரத நேரத்துல வந்து கதைக்கிறன், மன்னிச்சிக்கோங்க புள்ள. ஒங்கட பூன நேத்து எங்கட குசினில வச்சீந்த மீன் துண்ட எடுத்துட்டுப் போய்ட்டு..." என்று தொடங்கினார்.

அம்மாவின் முகம் கறுத்துப் போயிற்று. "ஐயோ அக்கா, குறை நினையாதேங்கோ. இனி அது வராது."

"அதுக்கில்ல புள்ள..."

"இல்லையக்கா, நாங்கள் பாத்துக்கொள்ளுறம். இண்டைக்கே பாத்துக்கொள்ளுறம்."

பட்டினியில் நிற்கிற பெண்ணை மேலும் நிற்க வைத்துக் கதைக்க ஆன்டிக்கு மனம் வரவில்லைபோலும். தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அம்மா அன்று பகல் முழுக்க ஒரே பேச்சாக இருந்தார். வீட்டுக்காரர் எழும்பச் சொன்னால் பிறகு பூனையையும் தூக்கிக்கொண்டு ரோட்டில்தான் நிற்க வேண்டும், அதைக் கொழும்பின் மறுகோடியில், முகத்துவாரத்தில் மீன் இறக்குகிற இடத்தில் கொண்டுபோய் விட்டால் ராசாத்தி மாதிரி இருக்கும், "வேணுமெண்ட அளவு மீன் திண்டுகொண்டு கிடக்கும்" என்றார். அப்பா ஒரு சாக்கைக் கொண்டு வந்தார். சாக்கைக் கண்டதும் சீனி தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிக்கொண்டாள். அப்பா கூப்பிட்டார், அம்மா கூப்பிட்டார், அவள் அசையவில்லை.

"நீ கூப்பிட்டாத்தான் வரும். ஒருக்காக் கூப்பிடு பிள்ளை" என்றார் அம்மா.

நான் கூப்பிட்டேன். கோப்பையை இரண்டு தட்டுத் தட்டி, வழமைபோல இழுத்துத்தான் கூப்பிட்டேன். அவள் குதித்து ஓடி வந்து என் காலில் உரசினாள். அப்பா அவளைத் தூக்கிச் சாக்கில் போட்டு வாயைக் கட்டினார். வழி தெரியாமல் போக வேண்டும் என்று சாக்கோடு மூன்று சுற்றுச் சுற்றச் சொன்னார் அம்மா, அப்பாவும் படியடியில் நின்று சுற்றினார். பிறகு ஓட்டோ ஒன்றில் ஏறிப் போனார். நான் அழுதேன்தான், ஆனால் கூப்பிட்ட பிறகு அழுது என்ன பிரயோசனம்?

சஷ்டி முடிந்து பாறணை அன்று ஆன்டி மறுபடி வந்தார். விரதம் முடிந்ததால் இந்தமுறை வீட்டுக்குள்ளேயே வந்தார். கையில் ஒரு சப்பாத்துப் பெட்டி. பழந்துணிக்குள் கண் திறக்காத குட்டிகள் நான்கு, ஒன்று ஏற்கெனவே விறைத்துப் போயிருந்தது.

"அண்டைக்குச் சொல்ல வந்தது இதத்தான் புள்ள. எங்கட ஸ்டோர் ரூம்ல குட்டி போட்டீக்கி. மீன் போனா போகட்டும், நீங்க விரதம், ஒங்கட ஊட்டுல மீன் இல்ல, பால் குடுக்கிற தாய்க்குப் பசிதானே. விரதம் முடியும் வரைக்கும் நானே மீன் வைக்கட்டுமான்னு கேக்கத்தான் வந்தன். ரெண்டு நாளாத் தாயக் காணல்ல. எங்க அது?"

அம்மா பாறணைச் சோற்றை வாழையிலையில் வைத்த கை வைத்தபடியே நின்றார். சீனியை முகத்துவாரத்தில் விட்டதை நான்தான் சொன்னேன். ஆன்டி என் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யா அல்லாஹ், என்னட்ட ஒரு வார்த்த கேட்டீக்கலாமே" என்றார். அதற்கு மேல் ஏசவில்லை. ஏசியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அப்பாவும் நானும் அப்போதே முகத்துவாரத்துக்குப் போனோம். கோப்பையையும் கரண்டியையும் நான் மடியில் வைத்திருந்தேன். வள்ளங்களுக்கும் வலைகளுக்கும் நடுவே, ஐஸ் பெட்டிகளின் ஓரமாக, தட்டித் தட்டி, தொண்டை கட்டும் வரை கூப்பிட்டேன். பூனைகள் வந்தன. காய்ந்தது, சொறி பிடித்தது, ஒற்றைக் கண்ணது என்று எத்தனையோ வந்தன, சீனி வரவில்லை. மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண் ஒருவர் கத்தியை நிறுத்தி எங்களைப் பார்த்தார்.

"எல்லாரும் இங்கதான் கொண்டாந்து விடுறீங்க. மீன் இருந்தாப் போதுமா? இங்க உள்ள பூனைங்க புதுசா வர்றத நிக்க விடாது, கடிச்சுத் துரத்திடும்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பஞ்சைப் பால்மாவில் கரைத்த பாலில் நனைத்து நனைத்துக் குட்டிகளின் வாயில் வைத்தோம். ஆன்டி பகலில் பார்ப்பார், பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் பார்ப்பேன். ஒன்றன்பின் ஒன்றாக மூன்றும் போயின. கடைசிக் குட்டிக்கு வாலில் மண்ணிறம் இருந்தது. பின்பக்கக் கழிவுநீர்க் கானோரத்தில் அதைப் புதைத்துவிட்டு வந்தபோது, "தாயாவது அங்க மீன் திண்டு நல்லா இருக்கும்" என்றார் அம்மா. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கோப்பையைத் தூக்கி எறிந்தேன். இத்தனை வருடம் கழிந்தும் அம்மா அதையேதான் சொல்கிறார். அவருடைய பயம் எனக்கு இப்போது விளங்குகிறது. ஊரை விட்டு ஒரு பையோடு வந்தவருக்கு இன்னொரு முறை எழும்பி ஓடத் தெம்பில்லை. ஆனால் விளங்கிவிட்டது என்பதற்காக மன்னித்துவிட முடியுமா, எனக்குத் தெரியாது. அவரை விடுங்கள், என்னையே நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த மாடிவீடு இப்போது இல்லை. ஆன்டியின் பிள்ளைகள் அதை விற்றுவிட்டார்கள், ஆன்டியும் காலமாகிவிட்டார், அவர் மரியாதைக்காக நின்ற அந்தப் பாதிப் படி இருந்த இடத்தில் ஒன்பது மாடிக் கட்டடம் நிற்கிறது. நானும் அம்மாவும் இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு ஃபிளாட்டில் இருக்கிறோம். பின்பக்க மதிலடியில் ஏழெட்டுப் பூனைகள் உண்டு. தினமும் சாப்பாடு வைக்கிறேன், சஷ்டியிலும் அவித்த மீன்தான், வைத்துவிட்டு உடனே திரும்பி வந்துவிடுகிறேன். ஒன்றுக்கும் பெயர் வைக்கவில்லை, ஒன்றையும் தடவுவதில்லை. "என்ன மனுசி இது, சாப்பாடு வைக்கிறா, ஒரு செல்லங்கூடக் கொஞ்சுறாவில்லை" என்று பக்கத்து வீட்டார் கதைப்பது என் காதிலும் விழுகிறது.

போன கிழமை, பூனைகளை அகற்ற வேண்டும் என்று ஃபிளாட் கொமிட்டி முடிவெடுத்துவிட்டது. அடுத்த நாள் காலையில் காவல்காரர் வந்து கதவைத் தட்டினார். அவருக்குப் பின்னால் இருவர் சாக்குகளோடு நின்றார்கள். நான் வேண்டாம் என்று சொன்னேன், சத்தம் போட்டும் பார்த்தேன், கொமிட்டியின் கடிதத்தை எடுத்து நீட்டினார்கள்.

"முகத்துவாரம் பக்கம் கொண்டுபோய் விடத்தான் மிஸ், அங்க மீன் நல்லாக் கிடைக்கும்" என்றார் காவல்காரர். "விடியக்காலம இருந்து ஒண்டும் பிடிபடுதில்ல. எங்களக் கண்டா ஓடுது. தினமும் நீங்கதானே சாப்பாடு வைக்கிறீங்க, நீங்க கூப்பிட்டா வரும். ஒருக்காக் கூப்பிடுங்களேன்."

உள்ளே அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது.

"கூப்பிட்டாலும் வராது" என்றேன். "என்ர குரல் எப்பிடியிருக்கும் எண்டு அதுகளுக்குத் தெரியாது."